திரைப் புள்ளிக்கும் கணக்குண்டு

கோமாரியில் வாழும் ஒருவர் புதிதாக ஒரு தொலைக்காட்சியோ மடிக்கணினியோ நல்ல போனோ வாங்க நினைத்தால், பெரும்பாலும் பஸ் ஏறி வடக்கே போகிறார். திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது என்று கரையோரப் பாதை நெடுகப் போய்க் கல்முனைக் கடைத்தெருவில் இறங்குகிறார். வேளாண்மைக் காசையோ கடல் காசையோ எண்ணிக் கொடுத்துப் பெட்டியோடு வீடு திரும்புகிறார். திரை ஒளிர்ந்ததும் வெள்ளைப் பரப்பின் நடுவே கடுகளவும் இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. துடைத்தாலும் போகவில்லை, அணைத்து மறுபடி போட்டாலும் போகவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு விதியைக் காட்டுகிறார்கள்: இத்தனை புள்ளிக்குக் குறைவாக இருந்தால் அது பழுதாகக் கருதப்படமாட்டாது. இதைச் சட்டக் கேள்வியாகப் பலர் பேசுகிறார்கள். நான் எடுத்துக்கொள்வது மார்க்கக் கேள்வியை. அந்தப் புள்ளி ஷரீஅத்தின் பார்வையில் ஐபா, அதாவது விற்பனைப் பொருளின் குறையா, இல்லையா? அதைச் சொல்லாமல் விற்ற பணம் விற்றவருக்குச் சுத்தமாகச் சேர்ந்ததா? புள்ளி ஐப் என்பதும், அச்சிட்ட விதி அதை ஐப் அல்லாததாக மாற்றிவிடாது என்பதும், அறிந்தவர் வாய் திறந்து சொல்வதே இதில் முதற் கடமை என்பதும் என் முடிவு.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுல் எச்டி என்று சொல்லப்படும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்கள், ஆக 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உறுப்புகள். எல்சிடி திரையில் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் திறந்து மூடுகிறது. அறுபத்திரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அந்த டிரான்சிஸ்டர்களில் ஒன்று செய்யும்போதே கெட்டாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு உள்ளே புகுந்தாலும், அந்த இடம் நிரந்தரமாக இருண்டுவிடும், அல்லது ஒரே நிறத்தில் எரிந்துகொண்டேயிருக்கும். ஒரே நிறத்தில் சிக்கியது சிலவேளை தானாக விடுபடலாம், இருண்டது விடுபடுவது அரிது. இத்தனை இலட்சத்தில் ஒன்றுகூடத் தவறாமல் செய்வது ஒரு காலத்தில் மிகக் கடினமாகவும் செலவாகவும் இருந்தது. ஆகவே 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரநியமம் திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. முதலாம் வகுப்பில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. சந்தையில் பெரிதும் புழங்கிய இரண்டாம் வகுப்பில், பத்து இலட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிபவை 2, எப்போதும் இருண்டவை 2, உறுப்பளவில் கெட்டவை 5 வரை ஏற்கத்தக்கவை. 2008இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்தைப் பிடித்தது. உத்தரவாத அட்டைகளிலுள்ள எண்ணிக்கை விதிகளுக்கு இந்த நியமங்களே வேர். உற்பத்தியின் இயலாமையை அளந்த கணக்கு அது. வாங்குபவரின் உரிமையை அளக்க எழுதப்பட்டதல்ல.

இப்போது பிக்ஹுக்கு வருவோம். நம் கரையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், 1277இல் வபாத்தான இமாம் நவவி தமது மின்ஹாஜில் வியாபாரத்துக்குரிய ஐபை மிகக் கவனமாக வரையறுக்கிறார். பொருளையோ அதன் விலையையோ குறைக்க வேண்டும். அந்தக் குறைவால் நியாயமான ஒரு நோக்கம் தவறிப்போக வேண்டும். அந்த இனப் பொருளில் அப்படியொரு குறை இல்லாதிருப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. புள்ளியே இல்லாத திரை அபூர்வமாக இருந்த காலமென்றால், புள்ளி அந்த இனத்தின் இயல்பு என்று ஒருவர் வாதாட இடமிருந்தது. இன்று கல்முனைக் கடையொன்றில் வரிசையாக வைத்திருக்கும் போன்களை ஒளிரவிட்டால் எதிலும் புள்ளி இராது என்பதே விற்பவர், வாங்குபவர் இருவரின் எதிர்பார்ப்பும். இல்லாமையே வழக்கமாகிவிட்ட இனத்தில் இருக்கும் குறை, நவவியின் அளவுகோலின்படி ஐப். தொழில்நுட்பம் முன்னேற முன்னேற ஐபின் எல்லை விற்பவருக்கு எதிராக நகர்கிறது. எழுநூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரையறை இதற்கு இடம் வைத்திருக்கிறது, இருபது வருடத்துக்கு முந்திய எண்ணிக்கை விதி வைத்திருக்கவில்லை. உஸ்மானியர் காலத்தில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ஹனபிச் சட்டக்கோவையான மஜல்லாவும், வியாபாரிகளிடத்தும் அத்துறை அறிந்தவர்களிடத்தும் விலையைக் குறைப்பது எதுவோ அதுவே ஐப் என்கிறது. இரண்டு மத்ஹபும் தீர்ப்பைச் சந்தையிடம்தான் கேட்கச் சொல்கின்றன.

சந்தை என்ன சொல்கிறது? பாவித்த போனை விற்க ஒரு கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வாங்குபவர் முதலில் வெள்ளைப் படமொன்றைப் போட்டுத் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். டிஸ்பிளேயில் டொட் இருந்தால் விலை விழும். விழுந்த விலைக்கு யாரும் தரநியமம் காட்டி வாதாடுவதில்லை. ஆக, வாங்கும்போது டொட் ஒரு குறை, விற்கும்போது அது குறையல்ல. அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்கும் ஸூரத்துல் முதஃப்பிபீன் தராசையும் படியையும் மட்டுமே பேசுகிறது என்று நினைப்பது பிழை. ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகோல் வைப்பதே அங்கே கண்டிக்கப்படுகிறது. கொம்பனிகளும் இந்த உண்மையை அறியாதவை அல்ல. டெல் கொம்பனி தன் உயர்ரக மொனிட்டர்களுக்கு, எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாக உத்தரவாதம் கொடுத்து வந்திருக்கிறது. கூடுதல் விலை கொடுப்பவருக்கு ஒரு புள்ளியே குறை, மலிவாக வாங்குபவருக்கு ஐந்தாறு வந்தாலும் குறையல்ல என்றால், குறை எது என்ற அறிவு அங்கே முன்பே இருக்கிறது. யாருக்கு அதைத் தீர்த்துக்கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு. தரத்துக்கேற்ற விலை வைப்பதில் தவறில்லை. மலிவான பொருளை மலிவாக விற்கலாம், எதனால் மலிவு என்பதைச் சொல்லி விற்கலாம்.

இந்தச் சொல்லுதல்தான் விஷயத்தின் நடு. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நம் ஜும்ஆக்களில் கேட்காதவர் இல்லை. மழை பட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். ஈரம் அவர் செய்த குற்றமல்ல. நனைந்ததை மேலே போட்டு மக்கள் பார்க்க விட்டிருக்கக்கூடாதா என்பதே நபியவர்களின் கேள்வி, மறைத்து ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்ல என்பது அதைத் தொடர்ந்து வந்த கண்டனம். அம்பாறை மாவட்ட விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும் நெல்லில் ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் மூட்டை திரும்பி வரும், அல்லது தனியார் கையில் விலை குறையும். நெல்லைக் கொடுக்கும்போது ஈரத்துக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வந்தவர், அதே காசில் வாங்கும் திரையின் குறைக்குக் கணக்குக் கேட்கக்கூடாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

குறை சிறிது, அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது முதல் ஆட்சேபம். இருபது இலட்சத்தில் ஒன்று என்ற கணக்குக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரையைப் பார்ப்பவர் இருபது இலட்சத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை, அவர் கண் அந்த ஒன்றிலேயே போய் முட்டுகிறது. மூலையில் இருந்தால் மறந்துவிடலாம். நடுவில் இருந்தால் ஓதுவதற்காகத் திறந்த முஸ்ஹபின் பக்கத்திலும் இல்லாத ஒரு புள்ளியை வைத்துக் காட்டும். அரபெழுத்தில் ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிவிடும் என்பதை ஓதத் தெரிந்த எவரும் அறிவர். அளவைவிட நோக்கமே முக்கியம் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எடுத்துச் சொல்லும் ஒரு சம்பவம் சான்று. முந்நூறு திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகம் விற்கப்படுகிறது. பக்கத்தில் நின்ற வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) அவர்கள், வாங்கியவர் பின்னால் ஓடிப்போய், இறைச்சிக்கு வாங்கினீரா, ஏறிச் செல்ல வாங்கினீரா என்று கேட்கிறார். ஏறிச் செல்ல என்றதும், இதன் பாதத்தில் ஒரு துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்கிறார். அறுப்பதற்கென்றால் அந்தத் துளை ஒன்றுமில்லை, பயணத்துக்கென்றால் அதுவே எல்லாம். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்தார். தம் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக அவர் நொந்துகொண்டபோது, குறையை அறிந்தவர் சொல்லாதிருப்பதும் ஆகாது என்பதையே வாஸிலா பதிலாகத் தந்தார். அதே நூலில் இப்னு ஸீரீன் ஓர் ஆட்டை விற்கும்போது, இது தீனியைக் காலால் புரட்டிவிடும் என்று சொல்லி விற்றதும் வருகிறது. திரைப் புள்ளியைவிடச் சிறிய குறை அது. சிறிதா பெரிதா என்று தீர்மானிக்கும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் அவர் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. விதி அட்டையில் அச்சிட்டிருக்கிறது, வாங்கியவர் ஒப்புக்கொண்டுதான் வாங்கினார், முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லவா? குறைகளுக்குத் தாம் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்பதைப் புகஹாக்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹனபிகள் அதற்கு அகலமான இடம் தருகிறார்கள், மஜல்லாவும் அப்படியே. இதை மறைத்துவிட்டு வாதாடுவது முறையல்ல. ஆனால் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து அந்த வாசலை மிகவும் ஒடுக்குகிறது. உயிர்ப் பிராணியில், உள்ளே மறைந்திருந்து, விற்றவரே அறியாதிருந்த குறைக்கு மட்டும் அந்த நிபந்தனை செல்லும், மற்ற எதற்கும் செல்லாது. இதன் பின்னால் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது. இப்னு உமர் (ரழி) அவர்கள் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை எண்ணூறு திர்ஹத்துக்கு விற்றார். அடிமைக்கு நோய் இருந்ததாக வாங்கியவர் முறையிட்டார். கலீபா உஸ்மான் (ரழி) அவர்கள் நிபந்தனையை மட்டும் பார்த்து வழக்கை முடித்துவிடவில்லை. நோயை அறியாமல்தான் விற்றேன் என்று சத்தியம் செய்யும்படி இப்னு உமரிடம் கேட்டார். இப்னு உமர் சத்தியம் செய்ய விரும்பாமல் அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். எழுதிய நிபந்தனைக்குப் பின்னாலும் அறிந்தாயா என்ற கேள்வி உயிரோடு இருந்தது. பிராணிக்கு ஏன் அந்தச் சலுகை என்றால், அது நோயிலும் சுகத்திலும் ஒரேபோலத் தின்று, உள்ளே இருப்பதைக் காட்டாமல் நடமாடும். திரையும் ஒளிரும்வரை உள்ளே இருப்பதைக் காட்டாதுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு திரையையும் ஒளிரவிட்டுப் பார்த்து, புள்ளிகளுக்கேற்பத் தரம் பிரிக்கிறார்கள். செய்தவர் பார்த்துவிட்ட குறை, மறைந்த குறை அல்ல. எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்ட ஒரு விதியால், இந்தப் பெட்டிக்குள் இருக்கும் இந்தத் திரையில் இன்ன இடத்தில் புள்ளி இருக்கிறது என்ற செய்தி வாங்குபவருக்குப் போய்ச் சேருவதில்லை. அவர் ஏற்றுக்கொண்டது அச்சை, குறையை அல்ல.

கடைக்காரர்கள் சொல்லும் மறுப்பே எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. பெட்டி சீல் வைத்து வருகிறது, உடைத்துப் பார்த்தால் புதிது என்று யாரும் வாங்கமாட்டார்கள், கொழும்பிலுள்ள இறக்குமதியாளர் ஒரு புள்ளிக்குத் திருப்பி எடுப்பதில்லை, நட்டத்தைச் சின்னக் கடை முதலாளி மட்டும் சுமப்பதா? இங்கே பிக்ஹு செய்யும் ஒரு பிரிப்பு மிகவும் உதவுகிறது. பாவம் வேறு, பொறுப்பு வேறு. அறியாமல் விற்றவர் பாவியல்ல, அவர் மோசடிக்காரர் என்று பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கியாருல் ஐப் என்ற திருப்பிக் கொடுக்கும் உரிமை, விற்றவர் அறிந்திருந்தாரா என்பதில் தங்கியிருக்கவில்லை. குறை கைமாறுவதற்கு முன்பே இருந்ததென்றால் உரிமை பிறந்துவிடுகிறது. தமக்கு விற்ற இறக்குமதியாளரிடம் அந்தக் கடைக்காரருக்கும் அதே உரிமை இருக்கிறது, இறக்குமதியாளர் கொம்பனியிடம் கேட்கலாம். சங்கிலியின் கடைசியில் இருப்பவர் மட்டும் யாரிடமும் கேட்க முடியாமல் நின்றுவிடுவதுதான் இன்றைய நடைமுறை. அதிலும் அவர் ஒரு நாள் கூலியை இழந்து கோமாரியிலிருந்து கல்முனைக்கு வந்து, சாமானைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போகவேண்டியவர். பலர் இதனாலேயே கேட்காமல் விடுகிறார்கள். கேட்காமல் விட்டதைப் பொருந்திக்கொண்டதாகக் கணக்கிட முடியாது.

வாங்குபவரின் கடமையையும் இதே கண்டிப்போடு சொல்லவேண்டும், ஏனென்றால் பிக்ஹு அவர் பக்கம் சாய்ந்து நிற்கவில்லை. ஷாபிஈ நூல்கள் குறையைக் கண்டதும் தாமதிக்காமல் திருப்பவேண்டும் என்கின்றன. தொழுகையிலோ சாப்பாட்டிலோ இருந்தால் முடிக்கலாம், இரவென்றால் விடியலாம், அவ்வளவே. கண்டபின் பாவிக்கவும் கூடாது. வாங்கிய மிருகத்தின் குறையை அறிந்தபின் சேணத்தைக் கழற்றாமல் வைத்திருந்தாலே உரிமை போய்விடும் என்று மின்ஹாஜ் சொல்கிறது. பெருநாள் முழுவதும் படம் எடுத்து, பார்த்து, பதினைந்தாம் நாள் புள்ளியைக் காட்டி மாற்றித் தா என்பவருக்கு இந்த மத்ஹபில் இடமில்லை. மடியில் பால் கட்டி ஏமாற்றி விற்ற ஆட்டைத் திருப்பும்போதும், கறந்து குடித்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்கச் சொன்ன ஹதீஸ், ஏமாற்றியவருக்கும் உரியதைக் கொடுக்கிறது. இன்னும் ஒன்று: குறை பழையதா, வாங்கியபின் வந்ததா என்ற தகராறில், இரண்டுக்கும் வாய்ப்பிருந்தால், விற்றவரின் சத்தியமே ஏற்கப்படும். பிக்சல் பிறகும் சாகலாம், அழுத்தம் பட்டும் சாகலாம் என்பதால் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஒரு கறுப்புப் புள்ளிக்காக அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்யும் நிலைக்கு ஒரு வியாபாரி ஏன் வரவேண்டும்? கடை மேசையிலேயே பார்த்துவிட்டால் சத்தியத்துக்கே அவசியமில்லை.

ஒரு புள்ளிக்காக முழுத் திரையைக் கழித்துப் போடுவது வீண்விரயம் அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், விரயம் தடுக்கப்பட்டது. ஆனால் குறையைச் சொல்வதால் திரை குப்பைக்குப் போவதில்லை. அது தனக்குரிய விலைக்குப் போகிறது. வாஸிலா சொன்னதால் அந்த ஒட்டகம் வீணாகவில்லை, நூறு திர்ஹம் குறைந்து விற்பனையானது. ஹன்பலி மத்ஹபில் வாங்கியவர் பொருளை வைத்துக்கொண்டே குறைக்குரிய ஈட்டைப் பெறலாம். புள்ளியுள்ள மொனிட்டரைச் சொல்லி மலிவாக விற்றால், கணக்கு எழுத மட்டும் கணினி வேண்டியவர் சந்தோஷமாக வாங்கிப் போவார். விரயத்தைக் காரணம் காட்டி மௌனம் காப்பவர், அதன் செலவை இன்னொருவர் தலையில் கட்டுகிறார்.

நாட்டின் சட்டத்திலும் ஓரளவு வழி இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்பனைக்குத் தக்க தரத்தை எதிர்பார்க்கிறது. ஆனால் வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்கு அது துணை வராது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம். ஆனால் சட்டம் எட்டாத இடத்திலும் ஹலால் எட்டும். அந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, பில் எழுதுமுன் பெட்டியை வாங்குபவர் கையாலேயே திறக்கவிடுங்கள். திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டுங்கள், இரண்டு நிமிட வேலை. புள்ளி இருந்தால் சொல்லுங்கள், விலையைப் பேசித் தீர்த்து, புள்ளியையும் பில்லில் எழுதுங்கள். இறக்குமதியாளரிடம் கடைகளெல்லாம் சேர்ந்து ஒரே குரலில் கேட்டால் அவர் மறுப்பது கடினம். வாங்குபவர்களே, அந்த இரண்டு நிமிடம் பொறுத்து நின்று பாருங்கள், குறை கண்டால் பாவிக்காமல் உடனே திருப்புங்கள். கதீப்மார்களே, ஈரத் தானியத்தின் ஹதீஸை அடுத்த ஜும்ஆவில் ஓதும்போது, அது போன் கடைக்கும் பொருந்தும் என்பதைப் பெயர் சொல்லியே விளக்குங்கள். மிம்பருக்கு முன்னால் விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஸப்பில்தான் இருக்கிறார்கள்.